கைமாற்று

குணசீலனின் கை அவருடையது இல்லை என்று தட்டு முதன்முதலாகச் சொன்ன அன்று கிள்ளானில் விடியற்காலையிலிருந்தே மழை. துறைமுக வாயிலில் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழக்கம்போல மறைப்புக்குள் கையை விட்டுத் தட்டின் மேல் பேனாவால் தன் எழுத்தை எழுதினார். பச்சை விளக்கு எரியவில்லை. விரல் ஈரமாக இருக்கும் என்று பேண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். அப்போதும் எரியவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவன் தொண்டையைச் செருமினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மேசைமேல் ஊன்றி, ஒவ்வொரு கோடாக இழுத்து முடித்தபோது பச்சை வந்தது. கதவு திறந்தது. உள்ளே போன பிறகுதான், மழையில் நனையாத தன் முதுகு வேர்வையில் நனைந்திருப்பதைக் கவனித்தார்.

அந்த எழுத்து அவருக்கு வந்த நாள் வீட்டில் ஒரே சிரிப்பாக இருந்தது.

முகத்தையும் குரலையும் கைரேகையையும் மெஷின்கள் அச்சு அசலாகச் செய்யத் தொடங்கியிருந்த சமயம் அது. மகனின் குரலில் யாரோ அழுதுகொண்டு பேச, தாய்மார்கள் இருந்த பணத்தையெல்லாம் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பொய்யாகச் செய்ய முடியாதது மனிதனின் கை ஒன்றுதான் என்று கடைசியில் முடிவானது. ஆளுக்கொரு எழுத்து கொடுத்தார்கள். அதைத் தட்டின் மேல் பேனாவால் எழுதிக் காட்டினால்தான் ஆள் அவர் என்று அர்த்தம். முத்திரை என்று அதற்குப் பெயர்.

"ஏன் சீன எழுத்து? நம்ம எழுத்துல ஒண்ணு கொடுத்தா ஆகாதா?" என்று குணசீலனின் மனைவி விமலேஸ்வரி கேட்டாள்.

பக்கத்து வீட்டு ஆ செங் சீனன்; ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான். "உங்க எழுத்து பேனாவ வச்சா முடிஞ்சிடும் லா. மெஷினுக்கு அது பத்தாது. கோடு நிறைய வேணும். எந்தக் கோட்டுல அழுத்துற, எங்க தயங்குற, எங்க மூச்சு விடுற, எல்லாம் அது பாக்கும். ஒரே எழுத்து நூறு பேருக்கு இருக்கும். கைதான் வேற."

"அப்போ உங்களுக்கெல்லாம் லேசு."

"எனக்கா? ஐயோ. இது எல்லாம் செத்துப்போன எழுத்து. அகராதிக்குள்ள புதைச்சு வச்சிருந்தத தோண்டி எடுத்திருக்கான். எங்க அப்பாகூட பாத்திருக்க மாட்டாரு." அவன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். "மழைக்குக் கீழ ஒரு வயல் போட்டா இடி. குணா, உனக்கு நாலு இடி ஒண்ணா. ஐம்பத்திரண்டு கோடு!"

"எனக்கு?" என்றாள் விமலா.

ஆ செங் பார்த்தான். மறுபடி பார்த்தான். "மூக்கு. பக்கத்துல ஒரு பை. மூக்கடைச்சிக்கிட்டு பேசறதுக்குப் பேரு இது."

மகள் இளவேனி அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

சிரித்ததெல்லாம் பழைய கதை. முத்திரை இல்லாமல் ஒரு கதவும் திறக்காது என்று ஆன பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆ செங் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோதுதான் அது என்னவென்று தெருவுக்கே புரிந்தது. எழுத முடியாதவனை மறுபதிவு வரிசையில் போட்டார்கள். வரிசை நகர அரை வருடமானது. அதுவரை அவன் யாருமில்லை. போன் பேசாது. வங்கி திறக்காது. கட்டைப் பிரிக்க மருத்துவமனைக்குப் போனபோது வாசல் கதவே திறக்கவில்லை. சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டி எடுத்தான். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கோணல் கையோடுதான் பிறகு புது எழுத்து வாங்கினான்.

மழை நாளன்று மத்தியானம் குணசீலனுக்கு ஆ செங்கின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கொள்கலனைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். கைப்பிடியில் இருந்த வலது கை தானாக ஒரு துள்ளுத் துள்ளியது. கொள்கலன் காற்றில் ஊஞ்சலாடியது. கீழே நின்ற மஞ்சள் சட்டைக்காரர்கள் இருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர் கழிவறைக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனிகள், ஓடும் மோட்டார்மேல் வைத்ததுபோல, விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தன.

வீட்டில் சொல்லவில்லை. விமலா கேக் கடையில் வேலை செய்தாள்; கேக்குகளின் மேல் பூவும் பெயரும் வரைவது அவள் வேலை. வீட்டில் கிடந்த கேக் பெட்டி அட்டைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து எழுதிப் பழகினார். இரண்டு நாளைக்கு மேல் மறைக்க முடியவில்லை.

"என்ன பண்றீங்க?"

"சும்மா."

விமலா அட்டையை வாங்கிப் பார்த்தாள். "நாலு இடியும் நெளியுதே."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கொள்கலன் ஆடியதைச் சொல்லும்போது அவள் முகம் மாறியது.

"நாளைக்கு நீங்க கிரேன்ல ஏறக்கூடாது."

"ஏறலன்னா ஏன்னு கேப்பான்."

"முதுகு வலின்னு சொல்லுங்க. கேமரா பாக்கற வேலை வீட்டுல இருந்தே செய்யலாம்னு சொன்னீங்கள்ல, அத கேளுங்க. ரெண்டு பேரு அடியில மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அதுக்கும் முத்திரை போடணும் விமலா. வேலை தொடங்க ஒண்ணு, முடிக்க ஒண்ணு."

"மொதல்ல டாக்டர்கிட்ட போவோம்."

"டாக்டர் வாசல்லயே எழுதணும். விடாம தப்பினா மறுபதிவுதான். ஆ செங்க பாத்தல்ல?"

அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் கடையில், முதலாளியம்மா வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், மெழுகுத் தாளை விரித்து நீலக் கிரீமால் நான்கு இடிகளை வரைந்து பார்த்தாள் விமலா. மேலே ஒரு கிடைக்கோடு. அதன் இரு பக்கமும் கூரை போல இறங்கும் விளிம்பு. நடுவில் ஒரு நேர்கோடு. கூரைக்குள் நான்கு துளிகள். அதற்குக் கீழே கட்டம் போட்ட வயல். அப்படி நான்கு. எழுத்து வந்துவிட்டது. அவர் கை வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "என் கை மேல உங்க கைய வைங்க. நீங்க எழுதற மாதிரியே எழுதுங்க. எங்க அழுத்துவீங்களோ அங்க அழுத்துங்க."

"இதுக்குப் பேரு கைமாற்று. தெரியுமா?" என்றார் அவர். சட்டத்தில் முத்திரை மோசடி என்று இருந்ததை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சிறை. இருவர் எழுத்தும் ரத்து.

"தெரியும். கைய வைங்க."

அதிரும் கையால் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுதினார். முதுகு வலியென்று அவர் விடுப்பில் இருந்த நாளெல்லாம் எழுதினார்கள். முதல் இடியை அவர் நிதானமாகத் தொடங்குவார், மூன்றாவதில் அவசரப்படுவார், கடைசி வயலை மூடும் கோட்டை முடிக்கும் முன்பே பேனாவை எடுத்துவிடுவார் என்று விமலா கண்டுகொண்டாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அவருக்கு இவ்வளவு அவசரம் இருந்தது தெரியாமல் போயிற்றே என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஒரு நாள் வீட்டுத் தட்டில் அவள் மட்டும் எழுதினாள். பச்சை எரிந்தது. இருவருக்கும் சந்தோஷம் வரவில்லை. விமலா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

கிளினிக்கில்தான் உயிர் போய் வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த தட்டுக்கு, எழுதுவதைப் பிறர் பார்க்காமலிருக்க, அரைவட்டமாக ஒரு மறைப்பு இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்ப் பெண் பேனாவை நீட்டினாள். "கை வலி, தூக்க முடியல," என்று விமலா மலாயில் சொல்லி, அவர் முழங்கையைத் தாங்குவதுபோலத் தன் கையையும் சேர்த்து மறைப்புக்குள் விட்டாள். உள்ளே பேனா கைமாறியது. அவள் எழுதினாள். பார்வை மட்டும் எதிரே சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தில் இருந்தது. இரண்டாவது இடியில் இருந்தபோது அந்தப் பெண் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள்.

"நான் பிடிச்சுக்கவா ஆன்ட்டி?"

"வேண்டாம்மா, வேண்டாம். முடிஞ்சிடுச்சு."

முடியவில்லை. இன்னும் இரண்டு இடி பாக்கி. குணசீலன் பலமாக இருமினார். இருமிக்கொண்டே குனிந்து மறைப்பைத் தோளால் மூடினார். அந்தப் பெண் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பச்சை எரிந்துவிட்டது. விமலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். "நரம்பு வியாதின்னு பயந்துட்டீங்களா? அது இல்ல. கழுத்துல இருக்கற சுரப்பி அளவுக்கு மேல வேலை செய்யுது. மருந்து சாப்பிட்டா அடங்கிடும். மாசக்கணக்குல ஆகும், ஆனா அடங்கிடும்." பிறகு திரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "கை நடுக்கம்னு எழுதினா இது தானா மறுபதிவுக்குப் போயிடும். படபடப்பு, எடைக் குறைவுன்னு எழுதறேன்." வாசலில் எப்படி எழுதினீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

வீட்டிலிருந்தே துறைமுகக் கேமராக்களைப் பார்க்கும் வேலை கிடைத்தது. காலையில் விமலா அவருக்காக எழுதிவிட்டுக் கடைக்குப் போவாள். மத்தியானம் அவர் வேலை முடியும் நேரத்துக்கு ஓடி வந்து இன்னொரு முறை எழுதுவாள். மருந்துக்கு எழுதினாள், மின்சாரத்துக்கு எழுதினாள், கார் ஓட எழுதினாள். இளவேனி வேலை கிடைத்துக் கடல் தாண்டிக் கூச்சிங்குக்குப் போயிருந்தாள். குரலை நம்ப முடியாத காலம். முத்திரை விழுந்தால்தான் அவள் போனில் அப்பா பேசுவார். விமலா எழுதிவிட்டுப் போனை அவரிடம் நீட்டுவாள்.

"என்னப்பா, இப்பல்லாம் சட்டுனு வந்துடறீங்க? முன்ன அஞ்சு நிமிஷம் தடவுவீங்களே," என்றாள் இளவேனி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"பழகிடுச்சும்மா," என்றார் குணசீலன். விமலா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

வாசலில் பைக் நின்றால் தட்டைத் துணிபோட்டு மூடுவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். ஒரு நாள் கடை வாசல் தட்டில், தன் மூக்கை எழுத வேண்டிய இடத்தில், கை தானாக மழையின் கிடைக்கோட்டை இழுத்துவிட்டது. சட்டென்று பேனாவைத் தூக்கினாள். தட்டு கொஞ்ச நேரம் மஞ்சளாக மினுக்கியது. பிறகு மறுபடி எழுதச் சொன்னது. அன்று ஒரு கல்யாண கேக்கில் மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் குணசீலன் இரண்டு கிளாஸ் தேநீரை விளிம்பு வரை ஊற்றி, இரண்டு கையிலும் ஏந்தி, ஹாலுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. விமலா கிளாஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"போதும்," என்றார் அவர். "இனிமே நீ எழுத வேணாம். நானே எழுதிக்கறேன்."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். கை ஆடவே இல்லை. பழைய நிதானம், பழைய அவசரம் எல்லாம் இருந்தது. விளக்கு எரியவில்லை.

மறுபடி எழுதினார். சிவப்பு.

"மெதுவா எழுதுங்க," என்றாள் விமலா.

மெதுவாக எழுதினார். சிவப்பு. அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இன்னொரு முறை எழுதினார். அதை எழுதியிருக்கக் கூடாது. திரையில் வாக்கியம் வந்தது: இது குணசீலனின் கை அல்ல. சரிபார்ப்பு நிலையத்துக்கு நேரில் வரவும்.

இருவரும் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் உங்கள மாதிரிதானே எழுதினேன்?" என்றாள் விமலா.

"மொதல்ல அப்படித்தான். வயசாக ஆகக் கை மாறும்னு, தட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்குது. நீ போகப் போக உன் பாட்டுக்கு எழுதியிருக்க. இத்தனை மாசமும் அது உன்னத்தான் கத்துக்கிச்சு." அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு இப்ப நான்தான் திருடன்."

அன்றிலிருந்து அவர் அவளைப் போல எழுதப் பழகினார். அவள் அவர் கையைப் பிடித்து எழுத வைத்தாள். வரவில்லை. அவளுடைய நான்கு துளிகளும் கேக்கில் பூ வைப்பதுபோல ஒரே அளவில், ஒரே இடைவெளியில் விழுந்தன. அவர் போட்டால் ஒன்று பெருத்தது, ஒன்று நழுவியது. கடைசிக் கோட்டை அவள் பொறுமையாக மூலை வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அவருக்கு அந்த மூலை வரை போகும் பொறுமை இல்லை. அட்டை அட்டையாகத் தீர்ந்தது.

"நான் வந்து ஒத்துக்கறேன்," என்றாள் விமலா, போக வேண்டிய நாளுக்கு முந்தின தினம். "செஞ்சது நான்தானே."

"ஒத்துக்கிட்டா உனக்கு ஜெயில். எனக்கும். ரெண்டு பேரும் உள்ள போயிட்டா, இளவேனி போன எடுத்துட்டு யார்கிட்ட பேசுவா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"தெரியல விமலா. அங்க போய் எழுதிப் பாக்கறேன்."

சரிபார்ப்பு நிலையம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் இருந்தது. விமலாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி நடுவயதுச் சீனப் பெண். மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையில் மிஸ் ஓங் என்று இருந்தது. அங்கே தட்டுக்கு மறைப்பு கிடையாது. எழுதுவதை மிஸ் ஓங் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

"எழுதுங்க," என்றார் மலாயில்.

குணசீலன் எழுதினார். விமலாவின் துளிகளை நினைத்துக்கொண்டே எழுதினார். மூலை வரை போனார். சிவப்பு. இரண்டாவது முறை விமலாவை நினைக்காமல், தன் பாட்டுக்கு எழுதினார். சிவப்பு.

"போதும்," என்றார் மிஸ் ஓங். உட்கார்ந்து திரையில் எதையோ தேடினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினார். அடுத்தடுத்து, நான்கு இடி எழுத்து இரண்டு முறை.

"இது முதல் வருஷம் பதிவானது. இப்ப நீங்க எழுதினதும் இதுவும் ஒண்ணுதான். எனக்குக் கண்ணால பாத்தாலே தெரியுது. ஆனா சட்டப்படி இது பழசு, செல்லாது. இந்தப் பக்கம் இருக்கறது போன மாசத்துக் கை. நிதானமான கை. இவ்வளவு அழகா இந்த எழுத்த எழுதி நான் பாத்ததில்ல." கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். விமலா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நீலச் சாயம் ஏறிய விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கீங்க?"

குணசீலன் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் பேனாவை மேசைமேல் வைத்தார்.

மிஸ் ஓங் எழுந்து கதவைச் சாத்தினார். "எங்க அப்பா சீனப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தவர். அவர் எழுத்துலயும் வயல் உண்டு. வயலுக்குள்ள இருக்கற கோடு, குறுக்குல முதல்லயா நெடுக்குல முதல்லயா, அவர் படிச்ச வரிசை வேற. தட்டு கேக்கறது வேற. சாகற வரைக்கும் அவர் கைய அது ஒத்துக்கல. எழுத்தே தெரியாத நீங்கல்லாம் படம் மாதிரி வரைஞ்சுட்டுப் போயிட்டீங்க. அவரால முடியல." திரும்பி வந்து உட்கார்ந்தார். "நான் என்ன நினைக்கறேங்கறது முக்கியமில்ல. இந்தத் திரையில ரெண்டு வழிதான் இருக்கு. நீங்க குணசீலன்னு சொன்னா, இத்தனை மாசம் எழுதினது வேற ஆள். அது யாருன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் நான் விடக்கூடாது. நீங்க குணசீலன் இல்லன்னு சொன்னா, நீங்க பதிவே இல்லாத ஆள். தானா வந்து சொல்ற பதிவில்லாதவங்களுக்கு இந்த வருஷம் மன்னிப்பு உண்டு. விசாரணை கிடையாது. புதுப் பேர், புது எழுத்து."

"குணசீலன்?"

"காணாமப் போனவர். அவர் கை இனி எங்கயும் எழுதாம இருந்தா, யாரும் தேட மாட்டாங்க."

"அவருக்கு ஒரு மக இருக்கா."

"மகளுக்குத் தகவல் போகும். அதுக்கு முன்னாடி அவங்க அம்மா நேர்ல போய்ப் பாத்துப் பேசினா நல்லது."

குணசீலன் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயரில் இருந்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் அதுதான் இருந்தது. வெளியே விமலா எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றாள்.

"நான் குணசீலன் இல்ல," என்றார்.

மிஸ் ஓங் ஒலிப்பதிவை இயக்கினார். "சத்தமா. பதிவாகணும்."

"நான் குணசீலன் இல்ல."

"பேர்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. வாயில் வந்தது, மகன் பிறந்தால் வைக்கலாம் என்று அவரும் விமலாவும் ஒரு காலத்தில் பேசி வைத்திருந்த பெயர். "அமுதவாணன்."

மிஸ் ஓங் தட்டச்சு செய்தார். "உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் உறுதி சொல்லணும்." போய்க் கதவைத் திறந்து விமலாவைக் கூப்பிட்டார்.

விமலா உள்ளே வந்து முதலில் கணவரின் கைகளைப் பார்த்தாள். விலங்கு இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க," என்றார் மிஸ் ஓங். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எடுத்து வைத்தார். "இவர் பேர் அமுதவாணன்னு சொல்றார். இதுவரைக்கும் பதிவில்லாதவர். உறவுக்காரங்க உறுதி சொல்லக்கூடாது. உறவு இருந்தா நான் விசாரிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இவரத் தெரியுமா?"

அமுதவாணன் என்ற பெயரைக் கேட்டதும் விமலாவின் வாய் திறந்து, மூடியது.

"தெரியும்," என்றாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம்... உறவில்ல. தெரிஞ்சவர்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

"உங்க வீட்டுக்காரர் குணசீலன். அவரக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

விமலா மிஸ் ஓங்கை நேராகப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையில. வீட்ட விட்டுக் கிளம்பறப்ப."

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"தெரியலன்னு சொன்னார்."

மிஸ் ஓங் அதையும் பதிந்துகொண்டு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். விமலா தன் எழுத்தை எழுதினாள். மூக்கையும் பையையும் கோடு கோடாக, எங்கேயும் மழை கலந்துவிடாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பச்சை எரிந்தது.

"இப்ப நீங்க," என்றார் மிஸ் ஓங் அவரிடம்.

தட்டில் புது எழுத்து ஒன்று மங்கலாகத் தோன்றியது. இடிகள் இல்லை. இது வேறு ஏதோ. ஒன்றின் மேல் ஒன்றாக, உள்ளுக்குள் உள்ளாக, அடர்ந்து கிடந்தது. கை பழகும்வரை அதன் மேலேயே திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அவர் பேனாவை எடுத்தார். முதல் கோடு. இரண்டாவது கோடு. தட்டு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டது.

விமலாவின் பார்வை அவர் பேனா நுனியோடு போய்க்கொண்டிருந்தது. மடியில் இருந்த அவள் ஆள்காட்டி விரல் அதே கோடுகளை லேசாக இழுத்தது. அவள் அதைக் கவனித்தாள். வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நல்லா வருதான்னு பாருங்களேன்," என்றார் அவர். அவளை அவர் பன்மையில் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"நான் பாக்க மாட்டேன்," என்றாள் விமலா, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி. "நீங்க எழுதுங்க."